கூலியா, பயிற்சியா: எதை முதலில் கேட்பது?

எங்கள் தெருவில் ஒரு அக்கா. வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில், சாமி படத்துக்குப் பக்கத்திலேயே, ஒரு சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். அரசுத் திட்டத்தில் மூன்று மாதம் படித்த தையல் மெஷின் பயிற்சி. ஆனால் அவர் வேலை பார்ப்பது ஒரு பனியன் கம்பெனியில், கைமடியாக. டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி மடிக்கிற வேலை. மெஷின் தெரிந்த ஆளை ஏன் அங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். "ஆள் வராத நாள்ல மெஷின்ல உட்காரச் சொல்றாங்க, உட்காருறேன். ஆனா சனிக்கிழமை சம்பளம் போடுறப்போ கைமடிக் கூலிதான்" என்றார்.

குறைந்த கூலிக்கு உழைப்பவர்களின் வருமானத்தை உயர்த்த இரண்டு வழிகள் திரும்பத் திரும்பப் பேசப்படுகின்றன. ஒன்று, சட்டம் போட்டுக் குறைந்தபட்சக் கூலியை உயர்த்துவது. இன்னொன்று, ஆளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து, அவரே அதிகக் கூலிக்குத் தகுதியாகும்படி செய்வது. முதலாளிகள் சங்கத்துக்காரர்களுக்கு இரண்டாவதுதான் எப்போதும் பிடிக்கும். தொழிற்சங்கக்காரர்களுக்கு முதலாவது. அரசுக்கு இரண்டையும் அறிவிக்கப் பிடிக்கும்.

நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கூலி முதலில். பயிற்சியை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. கூலி நிர்ணயம் இல்லாத இடத்தில் பயிற்சியின் பலன் யார் கைக்குப் போகிறது என்பதைப் பார்த்த பிறகு வந்த முடிவு இது.

சரி, கூலியிலிருந்து தொடங்கலாம்.

இந்தியாவில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948இல் வந்தது. எவ்வளவு கொடுத்தால் அது 'குறைந்தபட்சம்' என்ற கேள்விக்கு 1957இல் 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு கணக்குப் போட்டது. உழைக்கும் ஒருவர் மூன்று பேரின் நுகர்வுக்குச் சம்பாதிக்க வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு. நான்கு பேர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி. அதற்கு மேல் வீட்டு வாடகை. எரிபொருள், விளக்கு, சில்லறைச் செலவுக்கு 20 சதவீதம். பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், முதுமை, கல்யாணம் எல்லாம் அந்தக் கணக்கில் இல்லை. 1991இல் ரெப்டகாஸ் பிரெட் என்ற நிறுவனத்தின் தொழிலாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்காக இன்னொரு 25 சதவீதத்தைச் சேர்க்கச் சொன்னது.

இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த விஷயம், அதில் திறன் பற்றிய பேச்சே இல்லை என்பது. ஒரு குடும்பம் சாப்பிட்டு, உடுத்தி, கூரைக்குக் கீழே தூங்க என்ன வேண்டும் என்பதோடு அது நின்றுவிடுகிறது. திறமைசாலிக்கு அதற்கு மேல் கொடுப்பது வேறு பேச்சு.

ஆனால் கணக்கு போட்ட மாநாடு வேறு, கூலி நிர்ணயிக்கிற அரசு வேறு. மத்திய அரசு அறிவித்த தேசிய அடிமட்டக் கூலி 2017இல் நாளுக்கு 176 ரூபாய். 2019இல் அனூப் சத்பதி தலைமையிலான குழு 375 ரூபாய் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதே ஆண்டு அரசு உயர்த்தியது இரண்டு ரூபாய், 178க்கு. இரண்டு ரூபாய்க்கு அப்போது ஒரு டீகூட வராது.

தமிழ்நாட்டில் நிலைமை கொஞ்சம் மேல். இங்கே கூலி என்பது அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்தது. விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து ஒவ்வோர் ஏப்ரலிலும் படி மாறும். திருப்பூரில் இதைப் பஞ்சப்படி என்பார்கள். அந்தப் பஞ்சப்படிக்காக 1984இல் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். விலை ஏறினால் கூலியும் தானாக ஏற வேண்டும் என்பதற்காக நான்கு மாதம் அடுப்பு எரியாமல் இருந்திருக்கிறார்கள். ஊரில் பழைய ஆட்கள் அதை இன்றும் வருஷக் கணக்குக்குப் பயன்படுத்துவார்கள்: "ஸ்டிரைக்குக்கு அடுத்த வருஷம் பிறந்தவன்."

அறிவித்துவிட்டால் கைக்கு வந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. 2014 டிசம்பரில் ஆயத்த ஆடைத் தொழிலுக்கு அரசு புதிய கூலியை அறிவித்தது. சிலருக்கு 30 சதவீதம் வரை உயர்வு. ஏற்றுமதி நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் நீதிமன்றம் போயின. 2016 ஜூலையில்தான் சென்னை உயர் நீதிமன்றம் அரசாணை செல்லும் என்று சொன்னது. சட்டம் கொடுத்த பல்லும் பால்பல்தான்: 1948 சட்டப்படி கூலியைக் குறைத்துக் கொடுத்த முதலாளிக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம். சிறைக்கு யார் போனார்கள்? 500 ரூபாய் அபராதம் என்பது வாடகை போலத்தான் இருந்தது. கட்டிவிட்டுத் தொடர முடிந்தது.

கூலி உயர்வுக்கு எதிராகச் சொல்லப்படுகிற பெரிய வாதம் வேலை போய்விடும் என்பது. உலகமெங்கும் சொல்லப்படுவதுதான். 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் மணிக்கு 4.25 டாலராக இருந்த கூலியை 5.05 ஆக்கியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா ஏற்றவில்லை. டேவிட் கார்டு, ஆலன் குரூகர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் இரண்டு பக்கமும் இருந்த துரித உணவுக் கடைகளை ஒப்பிட்டுப் பார்த்து, நியூஜெர்சியில் வேலை குறையவில்லை என்று காட்டினார்கள். பல ஆண்டு சண்டைக்குப் பிறகு, 2021இல் கார்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2015இல் ஜெர்மனி மணிக்கு 8.50 யூரோ என்று முதல்முறையாக நாடு முழுவதற்கும் கூலி வைத்தபோதும் வேலை கொத்தாகப் பறிபோகும் என்றார்கள். போகவில்லை. குறைந்த கூலி கொடுத்த சிறு கம்பெனிகளிலிருந்து கொஞ்சம் நல்ல கம்பெனிகளுக்கு ஆட்கள் நகர்ந்தார்கள்.

இதை வைத்துக்கொண்டு எவ்வளவு ஏற்றினாலும் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். நியூஜெர்சி பர்கர் கடையை வங்கதேசத்துக்கு மாற்ற முடியாது. பனியன் ஆர்டரை மாற்றலாம். வெளிமாநிலத்திலேயே யூனிட் போட்டுவிடலாம், போடுகிறார்கள். ஆகவே திருப்பூர் முதலாளியின் பயத்தில் பாதி நிஜம். மீதிப் பாதி பேரம்.

இனி பயிற்சி.

பயிற்சியின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. திருப்பூரிலேயே எத்தனையோ பேர் கைமடியாகச் சேர்ந்து, சாப்பாட்டு நேரத்தில் காலியான மெஷினில் உட்கார்ந்து பழகி, ஓவர்லாக், பிளாட்லாக் என்று கற்று, பீஸ் ரேட்டில் நல்ல காசு பார்க்கிறார்கள். கைதேர்ந்த டெய்லருக்கு அரசு நிர்ணயித்த கூலியைவிட அதிகம்தான் கிடைக்கிறது. ஆள் தட்டுப்பாடு அப்படி. சில முதலாளிகளே ஒரு காலத்தில் தையல் டேபிளில் உட்கார்ந்தவர்கள். "நாங்களும் அங்கிருந்துதான் வந்தோம், கத்துக்கிட்டா மேல வரலாம்" என்று அவர்கள் சொல்வது பொய் இல்லை.

அமெரிக்காவிலும் நல்ல உதாரணம் உண்டு. டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் 1990களிலிருந்து நடக்கிற ப்ராஜெக்ட் குவெஸ்ட் என்ற திட்டம், குறைந்த வருமானக்காரர்களைச் செவிலியர் போன்ற மருத்துவத் துறை வேலைகளுக்குப் படிக்க வைக்கிறது. குலுக்கல் முறையில் சிலரைச் சேர்த்து, சிலரை விட்டு ஆராய்ந்தபோது, பல ஆண்டுகள் கழித்தும் சேர்ந்தவர்களின் வருமானம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. ஆனால் அது 45 நாள் வகுப்பு இல்லை. ஓராண்டு, இரண்டாண்டுப் படிப்பு, பின்னாலேயே நின்று வழிகாட்ட ஆள், எந்த மருத்துவமனைக்கு யார் தேவை என்று முன்கூட்டியே பேசி வைத்த ஏற்பாடு. சேருவதற்கே அடிப்படைப் படிப்பு வேண்டும். ஐம்பது வயதில் முதுகுவலியோடு கூட்டிப் பெருக்குகிற அம்மாவுக்கு அந்தக் கதவு திறக்காது. திறந்து, அவர் செவிலியராகவே ஆகிவிட்டாலும், ஆஸ்பத்திரியைப் பெருக்க இன்னொரு அம்மா வருவார், அதே கூலிக்கு. பயிற்சி ஓர் ஆளை அந்த வேலையிலிருந்து வெளியே எடுக்கிறது. அந்த வேலையின் கூலி அப்படியே கிடக்கிறது.

நம்முடைய திறன் திட்டங்களின் கதை இன்னும் சோகம். பிரதமர் பெயரில் 2015இல் தொடங்கிய திறன் மேம்பாட்டுத் திட்டத்தைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஆராய்ந்து கொடுத்த அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. பயனாளிகளில் மிகப் பெரும்பாலானவர்களின் வங்கிக் கணக்கு என்ற கட்டத்தில் பூஜ்ஜியமோ வெற்றிடமோதான் இருந்ததாம். பயிற்சி மையத்துக்கு ஆள்கணக்கில் பணம். வேலை கிடைத்ததா, கூலி கூடியதா என்பதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எங்கள் தெரு அக்காவும் அந்த எண்ணிக்கையில் ஒருவராக எங்கோ 'திறன் பெற்றவர்' என்று பதிவாகியிருப்பார்.

இதைவிட மோசமானது, பயிற்சி என்ற பெயரே கூலியைக் குறைக்கும் கருவியாவது. சுமங்கலித் திட்டம் நினைவிருக்கும். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில், தென்மாவட்டங்களிலிருந்து பதின்வயதுப் பெண்களை மூன்று ஆண்டு 'அப்ரண்டிஸ்' என்று சேர்த்தார்கள். ஆலைக்குள்ளேயே விடுதி, வெளியே போகத் தடை, கையில் சொற்பக் காசு, முடிவில் கல்யாணத்துக்கு என்று ஒரு மொத்தத் தொகை, சுமார் 30,000 முதல் 50,000 ரூபாய். உடம்பு முடியாமல் இடையில் ஊருக்குப் போனால் அந்தத் தொகையும் போச்சு. நூல் அறுந்தால் முடிச்சுப் போடவும் பாபின் மாற்றவும் பழக மூன்று ஆண்டு வேண்டுமா? சில மாதம் போதும். மீதி நாளெல்லாம் முழு வேலை, பயிற்சிக் கூலி. 2008இல் தமிழக அரசு, நூற்பாலை அப்ரண்டிஸ்களுக்கும் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்த பிறகுதான் அந்த ஓட்டை கொஞ்சமாவது அடைபடத் தொடங்கியது. அதாவது பயிற்சியின் பெயரால் நடந்த கொள்ளைக்கு மருந்து, இன்னும் நல்ல பயிற்சியாக இருக்கவில்லை. கூலி ஆணைதான் மருந்தாக இருந்தது.

இந்த இடத்தில் சிங்கப்பூரைப் பார்க்க வேண்டும். கூலியா பயிற்சியா என்ற விவாதத்தை அந்த ஊர் அளவுக்கு நேருக்கு நேர் நடத்திய ஊர் வேறு இருக்குமா தெரியவில்லை. அதோடு நம் ஆட்கள் அந்தக் கதையின் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் எல்லாருக்கும் பொதுவான குறைந்தபட்சக் கூலி இன்றும் கிடையாது. கூலியை ஏற்றினால் கீழே இருப்பவர்களின் வேலை போகும், திறனை ஏற்று, கூலி தானாக வரும் என்பதே அரசு நெடுங்காலம் சொன்னது. பயிற்சிக்குத் தாராளமாகச் செலவும் செய்தது. ஆனால் துப்புரவாளர்களின் சம்பளம் ஆண்டுக்கணக்கில் அசையவே இல்லை. காரணம் எளிது. அடுக்குமாடி வீடுகளையும் அலுவலகங்களையும் சுத்தம் செய்யும் வேலை டெண்டரில் போகும். குறைந்த விலை கேட்டவருக்கு ஒப்பந்தம். பயிற்சி பெற்றவருக்கு அதிகம் கொடுக்கிற கம்பெனி அந்த டெண்டரில் தோற்கும். திறன் எவ்வளவு கூடினாலும் கூலிக்கு ஏற வழியில்லாதபடி மேலே கூரை போட்டிருந்தார்கள். 2012இல் லிம் சோங் யா என்ற மூத்த பொருளியல் பேராசிரியர், மாதம் 1,500 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) கீழே வாங்குபவர்களுக்கு மூன்று ஆண்டில் 50 சதவீதம் ஏற்றுங்கள் என்று சொன்னபோது ஊரே அதிர்ந்தது. யாரும் கேட்கவில்லை. ஆனால் பேச்சு மாறிவிட்டது.

அந்த ஊர்த் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பான தொழிற்சங்கக் காங்கிரஸ் ஒரு நடுவழி கண்டுபிடித்தது. ஒவ்வொரு துறைக்கும் ஒரு சம்பள ஏணி. அடிப்படித் துப்புரவாளர், இயந்திரம் ஓட்டுபவர், மேற்பார்வையாளர் என்று படிகள். ஒவ்வொரு படிக்கும் இன்னின்ன பயிற்சி, இவ்வளவுக்குக் குறையாத சம்பளம். 2014இலிருந்து இது துப்புரவுத் துறையில் உரிம நிபந்தனை ஆனது. இந்தச் சம்பளம் கொடுக்காவிட்டால் தேசியச் சுற்றுப்புற வாரியம் உரிமம் தராது, உரிமம் இல்லாமல் தொழில் நடத்த முடியாது. அபராதம், வழக்கு என்று இழுக்கவே வேண்டாம். அடிப்படியில் 2014இல் 1,000 வெள்ளி. 2023 ஜூலையில் 1,570. 2028இல் 2,420 ஆக வேண்டும் என்று ஆண்டுவாரியாக முன்கூட்டியே அறிவித்துவிட்டார்கள். பாதுகாவலர், தோட்டப் பராமரிப்பு, சில்லறைக் கடை, உணவுக் கடை என்று ஏணி பரவியது. 2022, 2023 ஆண்டுகளின் உயர்வில் 75 சதவீதம் வரை அரசே ஏற்றுக்கொண்டது.

திறன்தான் வழி என்று சொன்ன அரசே, கடைசியில் சட்டப்படி ஒரு கூலியைக் கட்டிவைத்த பிறகுதான் சம்பளம் நகர்ந்தது என்பதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். அவர்கள் அதைக் குறைந்தபட்சக் கூலி என்று சொல்ல விரும்பவில்லை. 'குறைந்தபட்சக் கூலி பிளஸ்' என்றார் ஒரு அமைச்சர். பெயர் எதுவாகவும் இருக்கட்டும்.

அப்புறம் அதே ஊரின் இன்னொரு பக்கம். இந்த ஏணி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கையிலிருந்து கட்டுமான வேலைக்குப் போகிற நம் பையன்களுக்குக் கிடையாது. அவர்கள் என்ன செய்கிறார்கள்? போவதற்கு முன்பே 'ஸ்கில் அடிக்கிறார்கள்'. டைல்ஸ், பூச்சு, பிளம்பிங், கம்பி கட்டுதல் என்று ஏதாவது ஒரு தொழிலில் பயிற்சி மையத்தில் சேர்ந்து, சிங்கப்பூர்க் கட்டுமான ஆணையம் அங்கீகரித்த தேர்வை எழுதித் தேறுகிறார்கள். நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, சொந்தக் காசில். போன பிறகு அனுபவமும் கூடுதல் தேர்வும் சேர்ந்து உயர்திறன் தகுதி வந்தால், அவர்களுக்காக முதலாளி அரசுக்குக் கட்டுகிற மாத வரி குறைகிறது. 2024 முதல் கட்டுமானத்தில் சாதாரணத் திறனாளிக்கு 900 வெள்ளி, உயர்திறனாளிக்கு 500. மாதம் 400 வெள்ளி மிச்சம், முதலாளிக்கு. தேர்வு எழுதியவருக்கு இவ்வளவு ஏற்ற வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி இல்லை. நல்ல முதலாளி பங்கு கொடுக்கலாம். கொடுக்காமலும் இருக்கலாம்.

ஒரே நகரம், இரண்டு உழைப்பாளிகள். இரண்டு பேரும் பயிற்சி பெறுகிறார்கள். ஒருவருக்குச் சான்றிதழோடு கூலிப்படி கட்டப்பட்டிருக்கிறது. இன்னொருவரின் சான்றிதழில் லாபம் வேறு ஆளுக்கு. பயிற்சி நல்லதா கெட்டதா என்று பொதுவாகப் பேசுவதில் பயனில்லை என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

இப்போது தமிழ்நாட்டுக்கு வருவோம். முடிவெடுக்க வேண்டிய நேரம் இது. 2019இல் நிறைவேறிய ஊதியச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய சட்டம் பட்டியலில் உள்ள தொழில்களுக்கு மட்டும். புதியது எல்லா வேலைக்கும். மத்திய அரசு ஓர் அடிமட்டக் கூலியை வைக்கும், மாநிலம் அதற்குக் கீழே போக முடியாது. குறைத்துக் கொடுத்தால் அபராதம் 50,000 ரூபாய் வரை. திறனற்றவர், பகுதித் திறனாளி, திறனாளி, உயர்திறனாளி என்ற நான்கு பிரிவுகளைக் கணக்கில் எடுத்துக் கூலி வைக்க வேண்டும் என்றும் சட்டமே சொல்கிறது. ஏணிக்கான கட்டைகள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன.

தொழிற்சங்கத்திலோ, அரசுக் குழுவிலோ என்னைக் கேட்டால், முதல் காசையும் முதல் சக்தியையும் அடிக்கூலிக்கே கொடுப்பேன். செக்கிங், பேக்கிங், கைமடி, துப்புரவு, வீட்டுவேலை ஆகியவற்றில் இருப்பவர்களுக்குப் பயிற்சியால் பெரிதாக எதுவும் ஆகப்போவதில்லை. சென்னை மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர்கள் 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் உட்கார்ந்து கேட்டது வேலைப் பாதுகாப்பும் குறையாத சம்பளமும். குப்பை அள்ளுவது எப்படி என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இளையவர்களுக்கு, ஆள் தட்டுப்பாடு உள்ள டெய்லர், வெல்டர், எலக்ட்ரீஷியன் போன்ற வேலைகளில், பயிற்சிக்குச் செலவு செய்யலாம். செய்யவும் வேண்டும். ஆனால் இரண்டு நிபந்தனை. பயிற்சி மையத்துக்குப் பணம், சான்றிதழ் கொடுத்த அன்று போகக்கூடாது. ஆறு மாதம் கழித்து அந்த ஆளின் சம்பளச் சீட்டில் அடுத்த பிரிவின் கூலி ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகு போக வேண்டும். இரண்டாவது, சான்றிதழ் உள்ளவரை அந்த வேலையில் உட்கார வைத்த நாளுக்கு அந்தப் பிரிவின் கூலியை ஆணையிலேயே எழுத வேண்டும். அக்கா மெஷினில் உட்கார்ந்த நாளுக்கு டெய்லர் கூலி. அவ்வளவுதான்.

இன்னொரு ஓட்டை பாக்கி இருக்கிறது. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின்படி சேர்க்கப்படுகிறவர் தொழிலாளி இல்லை, பயிலுநர். தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தாது. புதிய ஊதியத் தொகுப்பும் 'ஊழியர்' என்பதற்கான விளக்கத்திலிருந்து அவரை வெளியே நிறுத்திவிட்டது. அடிக்கூலியை ஏற்ற ஏற்ற, ஆட்களை அப்ரண்டிஸ் என்று எழுதிக்கொள்ளும் ஆசையும் ஏறும். சுமங்கலிக் காலத்தைப் பார்த்தவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு கம்பெனியில் எத்தனை பேருக்கு ஒரு பயிலுநர், எத்தனை மாதம், முடிந்ததும் என்ன கூலி என்பதைக் கூலி ஆணை வரும்போதே சேர்த்துக் கேட்க வேண்டும்.

கூலியை மாற்றும் முன் அரசு வரைவை வெளியிட்டால், கருத்துச் சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். முதலாளிகள் சங்கங்களுக்கு வக்கீல் இருக்கிறார், முதல் வாரத்திலேயே எழுதிவிடுவார்கள். கைமடிகளுக்குத் தனிச் சங்கம் எதுவும் எங்கள் ஊரில் நான் கேள்விப்பட்டதில்லை. அக்காவிடம் இதைச் சொன்னேன். "எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போடுறேன். எங்க லைன்ல இருபது பேர் இருக்கோம்" என்றார்.